களைக்கொல்லி மண்ணில் என்ன ஆகிறது?

சென்ற மாசி மாதத்தில், ஒரு சங்கத்தின் அங்கத்தினர் கொடுத்த புகார் மனு விசாரணைக்காக என்னிடம் வந்தது. சங்கக் கிடங்கில் வாங்கிய உளுந்து விதை முளைத்து இருபது நாளில் கருகிவிட்டதாகவும், இரண்டு ஏக்கர் நிலமும் பாழாகிவிட்டதாகவும், கெட்ட விதையை விற்ற சங்கமே விதை விலையையும் உழவுக் கூலியையும் ஈடு செய்யவேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. ஈடு கிடைக்கும்வரை பயிர்க்கடன் தவணையைக் கேட்கலாகாது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம். புரட்டாசியில் மக்காச்சோளம், தையில் கிணற்று நீரைக்கொண்டு உளுந்து என்று பயிர் செய்பவர்.

விதையைப் பற்றிப் புகார் வந்தால், அதே குவியலிலிருந்து விதை வாங்கிய மற்றவர்களின் வயலைப் பார்ப்பதே முதல் வேலை. விற்பனைப் புத்தகத்தின்படி அவரையும் சேர்த்துப் பதினொரு பேர் வாங்கியிருந்தனர். மற்றப் பத்துப் பேரின் நிலத்திலும் உளுந்து குறையின்றி நின்றது. கிடங்கில் எஞ்சியிருந்த விதையில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தோம்; தொண்ணூறுக்குமேல் முளைத்தன. சான்று பெற்ற உளுந்து விதையில் நூற்றுக்கு 75 முளைத்தாலே போதும் என்பது விதி. அன்றியும், விதை முளைத்ததென்று மனுதாரரே எழுதியிருக்கிறார். முளைத்து, முதலிலை விட்டு, அடுத்த இலை விரியும் பருவத்தில் அடியிலைகளின் ஓரம் மஞ்சளித்துக் காய்ந்து மடியும் செடிக்கு விதையைக் குறை கூற இயலாது.

வயலுக்குச் சென்று பார்த்தபோது, காய்ந்த பயிர் ஒரே சீராகக் காயவில்லை என்பது தெரிந்தது. வயலின் நீளவாட்டில், கோடு போட்டாற்போல, வெறுந்தரையாகச் சில பட்டைகள் ஓடின. கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து ஒருவர் நடந்தால் எவ்வளவு அகலம் நனையுமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்திற்கு ஒரு பட்டை. தெளிப்பவர் திரும்பும் இடமாகிய வரப்போரத்தில் ஒரு செடியும் இல்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் நாலைந்து சென்ட் அளவுக்கு உளுந்து பச்சென்று செழித்திருந்தது.

“இந்த மூலையில் மட்டும் என்ன செய்தீர்கள், பெரியவரே?” என்றேன்.

“ஒன்றும் செய்யவில்லை, ஐயா. அங்கே மக்காச்சோளத்துக்கு ஊடே தட்டைப்பயறு போட்டிருந்தோம். பயறு கருகிவிடும் என்று களைமருந்து அடிக்கவில்லை” என்றார். சொல்லி முடித்ததும் அவரே அந்தப் பட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு விதையைப் பற்றி அவர் பேசவில்லை.

ஒரு பயிருக்கு அடித்த களைக்கொல்லி, அந்தப் பயிரின் அறுவடை முடிந்து நிலத்தை உழுது வேறு விதை போட்ட பிறகும் மண்ணில் நிலைத்திருந்து கெடுதல் செய்யக்கூடும் என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் அறியார். மண்ணில் விழுந்த மருந்து என்ன ஆகிறது, எவ்வளவு நாளில் அழிகிறது, அழியாத பங்கு எங்கே செல்கிறது என்பவற்றை இந்த வயலையே எடுத்துக்காட்டாக வைத்து ஆராய்வோம். நெசவாளர் அங்கத்தினர்கள் இது நமக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிடவேண்டாம். இதில் சாயத் தொட்டியும் வருகிறது. குடிநீர்க் கிணறும் வருகிறது.

அவர் அடித்த மருந்து அட்ரசின். ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கெய்கி நிறுவனத்தார் 1958-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தது. மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகிய பயிர்களில் உலகெங்கும் வழங்குகிறது. வேரின் வழியாக நீரோடு மேலேறி, இலை சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைக்கும் தொழிலைத் தடுத்துவிடுவது இதன் வேலை. மக்காச்சோளத்தின் உடலுக்கு இதை விரைவில் முறித்துத் தீங்கற்றதாக மாற்றும் ஆற்றல் உண்டு. ஆதலால் அது பிழைக்கிறது. உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அந்த ஆற்றல் போதாது. விதையிலுள்ள உணவு இருக்கும்வரை நாற்று நன்றாகவே நிற்கும். சொந்த இலையை நம்பி வாழவேண்டிய நாள் வந்ததும் மடியும். “முளைத்து இருபது நாளில்” என்று மனுவில் எழுதியிருந்த அந்தச் சொற்களே நோயின் பெயரைக் கூறிவிட்டன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மக்காச்சோளத்துக்குக் கூறும் அளவு, நூற்றுக்கு ஐம்பது சத்துள்ள அட்ரசின் தூள் ஹெக்டேருக்கு 500 கிராம். அதாவது ஏக்கருக்கு 200 கிராம் தூள், சத்தாகக் கணக்கிட்டால் 100 கிராம். பயறு ஊடுபயிராக உள்ள இடத்தில் இதை அடிக்கலாகாது என்றும் அங்கேயே கூறப்பட்டுள்ளது. நம்முடைய அங்கத்தினர் அடித்தது ஏக்கருக்கு 400 கிராம் தூள். “களை மிகுதி என்றால் இரண்டு மடங்காகப் போடுங்கள்” என்று கிடங்கில் சொன்னார்களாம். சொன்னவர் யார் என்பதை விசாரணை அறிக்கையில் எழுதினேன், இங்கு எழுதவில்லை.

தேய்மானக் கணக்கு

மருந்து மண்ணில் குறையும் விதத்தை அறிய, சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைப் பார்த்தவர்களுக்கு ஓர் எளிய வழியுண்டு. சங்கத்துத் தராசுக்கும் மேசைக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுகிறோம். வாங்கிய விலையில் கழிப்பதில்லை. அந்தந்த ஆண்டில் எஞ்சிய மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கழிக்கிறோம். ஆகவே தொகை குறைந்துகொண்டே போகும். அறவே இல்லாமற் போவதில்லை. மண்ணிலுள்ள களைக்கொல்லியும் பெரும்பாலும் இவ்வாறே தேய்கிறது. உள்ளதில் பாதி அழிவதற்கு ஆகும் காலத்தை அரைவாழ்வுக் காலம் என்பர். அட்ரசினுக்கு இது மண்ணையும் தட்பவெப்பத்தையும் பொறுத்துச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை வேறுபடும். பொதுக் கணக்குக்கு 60 நாள் என்று கொள்வது வழக்கம்.

இதைக்கொண்டு அந்த வயலைக் கணக்கிடுவோம். மருந்தடித்த நாளிலிருந்து உளுந்து விதைத்த நாள்வரை சுமார் 120 நாள். இரண்டு அரைவாழ்வுக் காலம். ஏக்கருக்கு 100 கிராம் சத்து என்ற முறையான அளவில் அடித்திருந்தால் 60-ஆம் நாளில் 50, 120-ஆம் நாளில் 25 கிராம் எஞ்சியிருக்கும். அவர் அடித்தது 200 கிராம். ஆகவே எஞ்சியது 50 கிராம். தெளிப்பான் ஒரு வீச்சின் ஓரத்தில் மறு வீச்சும் விழுந்த பட்டைகளில் அடித்த அளவே 400 கிராம் வீதம் ஆகிறது. அங்கே எஞ்சியது 100 கிராம் வீதம். அதாவது, உளுந்து விதைத்த அன்று அந்தப் பட்டைகளில், புதிதாக ஒரு மக்காச்சோள வயலுக்கு அடிக்கவேண்டிய முழு அளவு மருந்து மண்ணிலே காத்திருந்தது. வெறுந்தரைப் பட்டைகள் ஏன் உண்டாயின என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அளவை இரட்டித்தால் களை இருமடங்கு சாவதில்லை. ஆனால் மண் சுத்தமாவதற்குரிய நாள், ஓர் அரைவாழ்வுக் காலம் தள்ளிப்போகிறது. இரண்டாவது பொட்டலத்தை வாங்கியவர், அடுத்த பயிரின் 60 நாளை விற்றுவிட்டு அதை வாங்கியிருக்கிறார்.

அறுபது நாள் என்பது சராசரியே. அந்த வயலில் அதைவிட மெதுவாகவே மருந்து அழிந்திருக்கும் என்று கருத இடமிருக்கிறது. அதன் காரணத்தை அறிய, மருந்து எதனால் அழிகிறது என்று பார்க்கவேண்டும்.

பெரும் பங்கு வேலையைச் செய்வன மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்குக் களைக்கொல்லி உணவு. 1995-ஆம் ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், களைக்கொல்லி சிந்திக் கிடந்த ஓரிடத்து மண்ணிலிருந்து ஒரு வகை பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். அட்ரசினிலுள்ள தழைச்சத்தை உண்டே அது வாழ்கிறது. அட்ரசினை முற்றிலும் சிதைத்துக் கரியமில வாயுவாகவும் அம்மோனியாவாகவும் ஆக்கிவிடுகிறது. ஆண்டாண்டாக அட்ரசின் அடித்துவரும் நிலங்களில் இத்தகைய நுண்ணுயிர்கள் பெருகி, மருந்தின் ஆயுள் சில வாரமாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. முதன்முறை அடிக்கும் நிலத்தில் அவை குறைவு. நம் அங்கத்தினர் அந்த நிலத்தில் அட்ரசின் அடித்தது அதுவே முதல் தடவை.

நுண்ணுயிர் வேலை செய்ய ஈரம் வேண்டும், வெப்பம் வேண்டும், மட்கு வேண்டும். காய்ந்த மண்ணில் அது உறங்கும். அவர் மருந்தடித்த பிறகு அந்த ஊரில் மூன்று வாரம் மழையில்லை என்றார்கள். தொழு உரம் போட்டு நான்காண்டு ஆகியிருந்தது.

நுண்ணுயிரின் உதவியின்றி, வெறும் இரசாயன மாற்றத்தாலும் அட்ரசின் அழியும். அதன் உடலிலுள்ள குளோரின் கழன்று, அவ்விடத்தில் நீரின் ஒரு பகுதி வந்து சேர்கிறது. இவ்வாறு மாறிய பொருளுக்குக் களையைக் கொல்லும் சக்தியில்லை; மண்ணையும் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இது நல்ல முடிவு. ஆனால் இந்த மாற்றம் புளிப்பு மண்ணில் விரைவாகவும், உவர்ப்பக்கம் சாய்ந்த மண்ணில் மிக மெதுவாகவும் நடக்கிறது. நம் கரிசல் நிலங்களின் பி.எச். அளவு பெரும்பாலும் 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். போதாக்குறைக்கு, அத்தகைய மண்ணில் அட்ரசின் மண்துகளைத் தளர்வாகவே பற்றுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் மிகுதியாகக் கலந்து நிற்கிறது. அழிவதும் மெதுவு, தாக்குவதும் கடுமை. புளிப்பு மண்ணுள்ள மலைப்பகுதியில் ஒருவர் கேடின்றிப் பிரயோகித்த அளவை, கரிசல்காரர் அப்படியே பின்பற்றினால் வேறு பலன் கிடைப்பது இதனால்தான்.

வெயிலும் காற்றும் சில மருந்துகளை அழிக்கும். அட்ரசின் ஆவியாவது மிகக் குறைவு. வெயிலால் அழிவதும் பெரிதன்று. அவற்றை விட்டுவிடலாம்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். நுண்ணுயிர்கள் சில சமயம் அட்ரசினை முழுதும் உண்பதில்லை. அதன் ஓரத்திலுள்ள ஒரு கிளையை மட்டும் கடித்துவிட்டு விட்டுவிடும். அவ்வாறு உண்டாகும் டீஎத்தில் அட்ரசின் என்னும் பொருளுக்கு நச்சுத்தன்மை ஓரளவு எஞ்சியிருக்கும். தாய்ப்பொருளைவிட எளிதாக நீரோடு ஓடும். “அட்ரசின் குறைந்துவிட்டது” என்று சோதனைச் சாலை கூறினால், அதன் வழித்தோன்றலையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேட்பது பொருத்தம்.

அழியாத பங்கு எங்கே போகிறது?

மனுதாரரின் நிலத்துக்குக் கிழக்கே, ஓடைக்கு அப்பால், மணல் கலந்த செம்மண் நிலம் ஒன்றுண்டு. அதன் சொந்தக்காரரும் அதே கிடங்கில், அதே வாரத்தில், அதே மருந்தை, அதே இரட்டை அளவில் வாங்கி அடித்தவர். அடித்த மறுநாளே கிணற்றிலிருந்து நிறைய நீர் பாய்ச்சினார். அடுத்த வாரமும் பாய்ச்சினார். மூன்றாம் வாரத்தில் களை முளைத்துவிட்டது. மருந்து போலி என்று அவர் நினைத்தார். ஆனால் தையில் போட்ட உளுந்து அங்கே பழுதின்றி விளைந்தது. கரிசல்காரர் இதைக் காட்டி, “அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே, ஐயா?” என்றார். களையையும் கொல்லாமல் உளுந்தையும் கொல்லாமல் அந்த மருந்து எங்கே சென்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

நூலைச் சாயத் தொட்டியில் தோய்ப்பவர்கள் இதை எளிதில் அறிவார்கள். தொட்டி நீரில் கரைந்துள்ள சாயத்தில் ஒரு பங்கு நூலைப் பற்றுகிறது. மற்றது நீரிலேயே நிற்கிறது. சில சாயம் நூலை இறுகப் பற்றும்; பிறகு எத்தனை முறை அலசினாலும் போகாது. சில சாயம் மேலோட்டமாகப் பற்றும். அலசுந்தோறும் நீர் நிறம் மாறிக்கொண்டேயிருக்கும். மண்ணும் மருந்தும் இவ்வாறே. மண்ணிலுள்ள மட்கும் களித்துகளும் நூலின் இடத்தில் நிற்பவை. மழையும் பாசன நீரும் அலசும் நீர். மட்கு நிறைந்த மண்ணில் மருந்துக்குப் பற்றுவதற்கு இடம் நிறைய உண்டு. மட்கற்ற மணற்பாங்கான செம்மண்ணில் பற்றுக்கோடு குறைவு. நீர் இறங்கும் வேகமும் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் மருந்து களை விதை இருக்கும் மேல்மண்ணைக் கடந்து கீழே போய்விடும்.

நீரில் நன்றாகக் கரையும் மருந்தே கீழிறங்கும் என்று எண்ணுவது இயல்பு. அது முற்றிலும் சரியன்று. கிளைபோசேட் ஒரு லிட்டர் நீரில் 10 கிராமுக்குக் குறையாமல் கரையக்கூடியது. ஆயினும் மண்ணிலுள்ள இரும்பு, அலுமினியக் கூட்டுப்பொருள்களை இறுகப் பற்றிக்கொள்வதால் பொதுவாக ஆழத்துக்கு இறங்குவதில்லை. அட்ரசின் லிட்டருக்கு 33 மில்லிகிராம் மட்டுமே கரையும். ஆனால் பற்று தளர்வு, ஆயுள் நீளம். இந்த இரண்டு குணமும் ஒன்றுசேர்வதே ஆபத்து. நெல்லிலும் மக்காச்சோளத்திலும் அடிக்கும் 2,4-டி என்பது அட்ரசினைவிடவும் தளர்வாகப் பற்றுவது. ஆனால் ஈரமும் உயிரும் உள்ள மண்ணில் பத்து நாள் அளவில் பாதி அழிந்துவிடும். ஆகவே பெரும்பாலும் ஆழம் போய்ச் சேருமுன் முடிந்துவிடுகிறது. பருத்திக்கும் நிலக்கடலைக்கும் விதைத்தவுடன் அடிக்கும் மஞ்சள் நிறப் பெண்டிமெத்தலின் இதற்கு நேர்மாறு. ஆயுள் மூன்று மாதம் வரை நீளும். ஆனால் ஒரு லிட்டர் நீரில் அரை மில்லிகிராம்கூடக் கரையாது, மண்ணை விடாது. அது விழுந்த மேல்மண்ணிலேயே கிடக்கும். மண்ணே அரித்துக்கொண்டு போனால்தான் ஓடைக்குப் போகும்.

ஆயுளையும் பற்றையும் சேர்த்து ஓர் எண்ணாக மதிப்பிடும் முறையை 1989-இல் கஸ்டாப்சன் என்பவர் வகுத்தார். அந்த எண் 2.8-க்கு மேற்பட்டால் கீழிறங்கும் மருந்து, 1.8-க்குக் கீழ்ப்பட்டால் இறங்காத மருந்து. அட்ரசினுக்கு ஏறக்குறைய மூன்றரை வருகிறது. பெண்டிமெத்தலினுக்கு ஒன்றுக்கும் குறைவு.

கரிசல் நிலத்தார் இதைப் படித்து, நம் மண் களிமண்ணாதலால் நம் கிணறு பத்திரம் என்று இருந்துவிடக்கூடாது. கோடையில் கரிசல் வெடிக்கிறதல்லவா? அந்த வெடிப்பின் வழியே முதல் மழை இறங்கும்போது, மண்துகளைத் தொடாமலே நீர் நேராக அடிக்குச் சென்றுவிடுகிறது. மண்புழுத் துளைகளும் செத்த வேர் விட்ட குழாய்களும் அவ்வாறே. சாயத் தொட்டியில் நூலைப் போடாமல் வெறும் நீரைக் கொட்டிவிடுவதற்கு இது ஒப்பாகும். மருந்தடித்த ஓரிரு நாளில் பெருமழை பெய்தால் இழப்பு மிகுதியாவதும் இதனால்தான். மருந்து மண்ணைப் பற்றுவதற்கும் காலம் வேண்டியிருக்கிறது.

மேல்மண்ணைக் கடந்த மருந்துக்கு ஆயுள் நீண்டுவிடும். நுண்ணுயிரும் மட்கும் பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள் உள்ளவை. அதற்குக் கீழே உண்பாரும் இல்லை. பற்றி நிறுத்துவாரும் இல்லை. ஜெர்மனியில் 1991-ஆம் ஆண்டில் அட்ரசினைத் தடைசெய்தார்கள். இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நாட்டு நிலத்தடி நீரில் சில இடங்களில் அட்ரசினும் டீஎத்தில் அட்ரசினும் காணப்பட்டன. மேல்மண்ணில் 60 நாளில் பாதியாகும் பொருள்தான் அது.

கிணற்றுக் கணக்கு

எவ்வளவு மருந்து கீழே போகிறது? நன்றாக நடத்திய வயல்களில் பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. மோசமான நிலையில் சில பங்கு. நூற்றில் ஒன்று என்றால் அற்பம் என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். முறையான அளவாகிய ஏக்கருக்கு 100 கிராம் சத்தில் நூற்றில் ஒன்று, ஒரு கிராம். ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் நீர் கீழிறங்கி நிலத்தடி நீரோடு சேர்வதாக வைத்துக்கொண்டால் அது சுமார் 4 இலட்சம் லிட்டர். ஒரு கிராமை 4 இலட்சம் லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு இரண்டரை மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட குடிநீர்த் தரத்தில் அட்ரசினுக்கு அனுமதித்துள்ள மேல்வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். ஆக, சரியான அளவில் அடித்து, நூற்றில் ஒன்று இறங்கினாலும், கிணற்றில் வேறு நீர் வந்து கலக்காவிட்டால் வரம்பு கடந்துவிடுகிறது. இரட்டை அளவு அடித்து, மணற்பாங்கான நிலத்தில் மறுநாளே நீரைத் தேக்கிப் பாய்ச்சிய கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இந்த வரம்புகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஐரோப்பிய நாடுகளில் எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் களைக்கொல்லிக்கும் பொதுவாக 0.1 மைக்ரோகிராம், அமெரிக்காவில் அட்ரசினுக்கு 3, உலகச் சுகாதார நிறுவனம் அட்ரசினுக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் சேர்த்து 100 என்று கூறுகிறது. ஐரோப்பிய அளவு, குடிநீரில் மருந்தே இருக்கலாகாது என்ற கொள்கையால் வந்தது. நஞ்சின் கடுமையை அளந்து வந்ததன்று. விஞ்ஞானிகள் இதில் ஒருமைப்படும்வரை, நம் நாட்டுத் தரமாகிய இரண்டையே நாம் பின்பற்றுவது முறை என்பது என் கருத்து.

ஆனால் கிணற்றைக் கெடுப்பதில், மண்வழி இறங்கும் மருந்தைவிட என்னை மிகவும் கவலைக்குள்ளாக்கியது வேறொரு காட்சி. அந்தச் செம்மண் நிலத்தில் மருந்து கலக்கும் இடம் கிணற்று மேடை. தெளிப்பானைக் கழுவுமிடமும் அதுவே. கழுவிய நீர் மேடைச் சரிவில் ஓடி, கிணற்றின் உட்சுவரில் வழிந்த வெள்ளைக் கறையைக் கண்டேன். ஏக்கருக்கு 200 கிராம் தூளை 200 லிட்டர் நீரில் கலந்தால் ஒரு லிட்டர் கலவையில் அரைக் கிராம் சத்து இருக்கும். தெளிப்பானின் அடியில் எஞ்சிய அரை லிட்டரைக் கிணற்று மேடையில் கொட்டினால் கால் கிராம். அதை 2 மைக்ரோகிராம் வரம்புக்குள் கொண்டுவர ஒன்றேகால் இலட்சம் லிட்டர் நீர் வேண்டும். ஒரு முறை கழுவியதற்கே இவ்வளவு. இதில் மண்ணின் உதவியும் இல்லை, நுண்ணுயிரின் உதவியும் இல்லை. மருந்து நேரே நீருக்குப் போகிறது. அந்தக் கிணற்றிலிருந்துதான் பக்கத்து நெசவாளர் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்கள் குடிநீர் எடுக்கின்றன. அன்று மாலையே அந்த அங்கத்தினரை அழைத்துக்கொண்டு வயலின் நடுவே ஓரிடத்தைக் காட்டி, இனிமேல் கலப்பதும் கழுவுவதும் இங்கேதான், கழுவிய நீரையும் அதே வயலிலேயே தெளித்துவிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். குழாயின் முனையைத் தெளிப்பானுக்குள் முக்கி நீர் பிடிப்பதும் கூடாது. மோட்டார் நின்றால் கலவை குழாய் வழியே கிணற்றுக்குள் திரும்பிவிடும். அவர் ஒத்துக்கொண்டார். அவர் மனைவியார், “இதை மருந்து விற்கிறபோதே சொல்லியிருந்தால் என்ன?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தெளிப்பானைப் பற்றி இன்னொரு சொல், பருத்தி பயிரிடுவோருக்கு. 2,4-டி அடித்த தெளிப்பானை வெறும் நீரில் ஒரு முறை அலசிவிட்டுப் பருத்திக்கு மருந்தடித்தால், பருத்தியின் இலை விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலைபோல் சுருங்கும். பூவும் காயும் உதிரும். அடுத்த வயலில் அடித்த 2,4-டி காற்றில் மிதந்து வந்தாலும் அப்படியே. பருத்திக்கு அதனிடம் அத்தனை அச்சம். 2,4-டிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது உத்தமம். தனித்தனியே வாங்க இயலாதவர்களுக்குச் சங்கமே ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம், பெரிய செலவன்று.

விதைக்குமுன் ஒரு சோதனை

மண்ணில் மருந்து எஞ்சியிருக்கிறதா என்பதை அறியச் சோதனைச் சாலைக்குப் போகவேண்டியதில்லை. அடுத்த பயிர் விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பு, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழம்வரை மண்ணெடுத்துக் கலந்து மூன்று சட்டிகளில் நிரப்பவேண்டும். வரப்போரத்து மண்ணைத் தனியே எடுத்து வேறு மூன்று சட்டிகளில் நிரப்பவேண்டும். இரண்டையும் கலந்தால் பலன் தெரியாது. மருந்தே படாத அதே வகை மண்ணை, வீட்டுக் கொல்லையிலிருந்தோ மருந்தடிக்காத மூலையிலிருந்தோ எடுத்து இன்னும் மூன்று சட்டிகளில் வைக்கவேண்டும். எல்லாவற்றிலும் போட எண்ணிய உளுந்தையே பத்துப் பத்தாக ஊன்றி, அளவாக நீர் தெளித்து, நல்ல வெயிலில் வைக்கவேண்டும். நிழலில் வைத்தால் சோதனை பொய்யாகிவிடும். ஏனெனில் ஒளியிருந்தால்தான் அட்ரசின் தன் வேலையைக் காட்டும். முளைத்ததைக் கண்டு முடிவு செய்யவும் கூடாது. மூன்றாம் வாரம் வரை பொறுத்து, அடியிலைகளின் ஓரத்தைப் பார்க்கவேண்டும்.

மஞ்சளித்தால் அது மருந்தினாலா, வேறு குறையாலா என்ற ஐயம் எழலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் செயலூட்டிய கரித்தூளில் சிறிதளவை ஒரு சட்டி மண்ணில் நன்றாகக் கலந்து மறுபடி விதையுங்கள். கரி மருந்தைப் பற்றிக்கொள்ளும். கரியிட்ட சட்டியில் செடி பிழைத்து, கரியிடாத சட்டியில் மடிந்தால், குற்றவாளி களைக்கொல்லியே. விசாரணையின்போது மனுதாரரின் வீட்டுத் திண்ணையில் இதையே செய்துகாட்டினேன். பதினெட்டாம் நாள் அவரே எனக்குத் தொலைபேசியில் பலனைச் சொன்னார்.

சோதனையில் மருந்து எஞ்சியிருப்பதாகத் தெரிந்தால், அந்தப் பருவத்தில் பயறையும் காய்கறியையும் ஒதுக்கிவிட்டு, அட்ரசினைத் தாங்கும் சோளத்தையோ மக்காச்சோளத்தையோ போடலாம். ஆழ உழுது, மேல்மண்ணை அடிமண்ணோடு கலந்தால் செறிவு குறையும். தொழு உரமிட்டு ஈரம் காத்தால் நுண்ணுயிர் விழிக்கும். நீரை மிகுதியாகப் பாய்ச்சி மருந்தை அடிக்கு இறக்கிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வர். அது தன் வீட்டுக் குப்பையைக் கிணற்றில் தள்ளும் யோசனை.

என் அறிக்கையில் விதை நல்ல விதையே என்றும், மனுவின்படி ஈடு கொடுக்க இடமில்லை என்றும் எழுதினேன். அதோடு, இரட்டை அளவு அடிக்கும்படி கிடங்கில் சொன்னது சங்கத்தின் தவறு என்றும், ஆகவே அவருடைய கடன் தவணையை அடுத்த அறுவடைவரை நீட்டிக்க நிர்வாகக் குழு ஆலோசிக்கவேண்டும் என்றும், இனிக் களைக்கொல்லி விற்கும்போது எத்தனை ஏக்கர், எந்தப் பயிர், அடுத்து என்ன பயிர் என்று கேட்டு விற்பனைச் சீட்டிலேயே எழுதித் தரவேண்டும் என்றும் சேர்த்தேன். தவணை நீட்டிப்புக்கு நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டது. சீட்டில் எழுதும் வழக்கம் இதுவரை அந்த ஒரு கிடங்கில் மட்டுமே தொடங்கியிருக்கிறது.

பங்குனியில் அவர் அந்த இரண்டு ஏக்கரையும் ஆழ உழுது, மாட்டுத் தீவனத்துக்கென்று சோளம் விதைத்தார். நான் கடைசியாகப் பார்த்தபோது அது முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. வரப்போரத்தில்கூட ஒரு செடியும் மஞ்சளிக்கவில்லை. வடகிழக்கு மூலையில் மட்டும் உளுந்தைக் காயெடுத்து, அடுத்த ஆண்டுக்கு விதையாக வைத்திருக்கிறார்.